கண்ணில்லாத உருவம்

நோன்பு மாதத்துக்குச் சில நாள்கள் முன்னர் ஒரு மாலை. மஃரிபுத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறு வயதில் என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர் வந்து சலாம் உரைத்தார். பழவேற்காட்டில் இறால் வணிகம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பொன்னேரிக்குச் சென்று கல்லூரியில் பயில்கிறார். கையில் வைத்திருந்த வரைபட நோட்டைத் தயக்கத்தோடு நீட்டினார். புரட்டிப் பார்த்தவன் திகைத்துப் போனேன். நண்டின் கால்கள் இரும்புக் குழாய்களாய் நீண்டிருந்தன. மீனின் செவுள்கள் இயந்திரத் தகடுகளாய் விரிந்திருந்தன. ஒரு மனித உருவின் முதுகெலும்பு உடலுக்கு வெளியே வந்து, கம்பிகளோடு பின்னிக் கிடந்தது. முதல் பக்கத்தில், நூலாசிரியர் பெயரைப் போல, அப்துல் அல்ஹஸ்ரத் என்று எழுதியிருந்தார்.

“ஹஜ்ரத், இந்தப் பெயருள்ள அரபி ஒருவர் எழுதிய கிதாபுதான் இப்படிப்பட்ட படங்களுக்கெல்லாம் மூலம் என்கிறார்களே, மெய்தானா? வாப்பா இந்த நோட்டைக் கிழித்தெறியச் சொல்கிறார். கிழித்து விடட்டுமா?” என்று கேட்டார்.

கேள்வி இரண்டு. முதலாவது அரபு மொழி பற்றியது. அதற்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது கலை பற்றியது. அதற்கு அன்றிரவே விடை சொல்ல என்னால் இயலவில்லை. “நோட்டு என்னிடம் இருக்கட்டும் தம்பி, சில நாள் பொறுத்து வாருங்கள்” என்று அனுப்பிவைத்தேன். அந்தச் சில நாள்களில் கண்டதையும் எண்ணியதையும் இங்கே எழுதுகிறேன். உயிருள்ளவற்றின் உருவை வரைவது பற்றி ஃபிக்ஹு நூல்களில் விரிவான ஆய்வுகள் உள்ளன. அவற்றைத் தொட்டுத் தீர்ப்புரைப்பது என் நோக்கமன்று. நம் பிள்ளைகளின் கண்களை வந்தடைந்துவிட்ட ஒரு கலையை எவ்வாறு எடைபோடுவது என்பதே இங்குக் கேள்வி.

இந்த ஓவிய வகையை உலகறியச் செய்தவர் ஹான்ஸ் ருடால்ஃப் கீகர். 1940 பிப்ரவரி 5ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் கூர் நகரில், மருந்துக்கடை நடத்திய ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். மனித மண்டையோடு ஒன்று இளமையிலேயே அவர் கைக்குக் கிடைத்ததாம். சூரிச் நகரில் கட்டடக் கலையும் தொழிற்பொருள் வடிவமைப்பும் பயின்றார். உறக்கத்தைக் குலைத்த கொடுங்கனவுகளைப் படமாக்கி அவற்றினின்று விடுபட முயன்றார். வண்ணத்தைக் காற்றழுத்தத்தால் தூவும் கருவியை அவர் பெரிதும் கையாண்டமையால், அவருடைய ஓவியங்களில் தூரிகைத் தடமே தெரிவதில்லை. எலும்பு எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்றும் தெரிவதில்லை. உயிரும் பொறியும் ஒன்றாய்ப் புணர்ந்த இவ்வுருக்களை உயிர்ப்பொறி ஓவியம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1977இல் அவர் தம் ஓவியங்களைத் தொகுத்து ‘நெக்ரோனோமிகான்’ என்னும் பெயரில் நூலாக்கினார். அதிலுள்ள, 1976இல் தீட்டப்பெற்ற ஓர் ஓவியத்தைக் கண்டுதான் ரிட்லி ஸ்காட் என்னும் இயக்குநர் தம் படத்துக்கு உருவம் சமைக்க அவரை அழைத்தார். ‘ஏலியன்’ என்ற அந்தப் படம் 1979இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு காட்சி விந்தைக்கான ஆஸ்கார் பரிசு கீகருக்கும் அவரோடு உழைத்தோருக்கும் கிடைத்தது. விண்வெளியில் மனிதரைக் கொல்லும் அந்த உயிரின் உடலை அவர் வனைந்த விதம் கவனிக்கத் தக்கது. பிசைபொருளோடு பாம்பின் முதுகெலும்புகளையும் ரோல்ஸ் ராய்ஸ் மோட்டார் வண்டியின் குளிரூட்டும் குழாய்களையும் சேர்த்தே வனைந்தார். உயிரும் பொறியும் கலந்தன என்பது வெறும் உவமையாய் நில்லாமல், அவர் கையில் மெய்யாகவே நடந்தது. 2014 மே 12ஆம் நாள் அவர் காலமானார். கிரூயேர் என்னும் சிற்றூரில் 1998 முதல் அவருக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். ‘நெக்ரோனோமிகான்’ என்ற பெயரைக் கீகர் தாமாக உண்டாக்கவில்லை. அமெரிக்கக் கதாசிரியர் லவ்கிராஃப்ட் என்பாரிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1890இல் பிறந்து 1937இல் இறந்த லவ்கிராஃப்ட், சிறு பிள்ளையாய் இருந்தபோது ஆயிரத்தோர் இரவுக் கதைகளைப் படித்து மயங்கித் தமக்கு அப்துல் அல்ஹஸ்ரத் என்று விளையாட்டுப் பெயர் சூட்டிக்கொண்டவர். பின்னாளில் கதை எழுதியபோது அதே பெயரை ஒரு ‘பித்துப் பிடித்த அரபி’க்குக் கொடுத்தார். அந்த அரபி யமன் நாட்டு ஸன்ஆவைச் சேர்ந்தவன் என்றும், உமையாக்கள் காலத்தில் வாழ்ந்தவன் என்றும், பேய்களை அழைக்கும் நூலொன்றை எழுதியவன் என்றும் கற்பனை செய்தார். அப்படியொரு மனிதனும் இல்லை, அப்படியொரு நூலும் இல்லை. தாமே புனைந்ததுதான் என்று லவ்கிராஃப்ட் தம் கடிதங்களில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார்.

அவர் ஒப்புக்கொள்ளாது விட்டிருந்தாலும், மதரஸாவில் முதலாண்டு இலக்கணம் ஓதும் பிள்ளை இந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடும். ‘அப்து’ என்றால் அடியான். அது அடுத்து வரும் சொல்லோடு இணைந்தே பெயராக நிற்கும். ‘அப்துல்’ என்பதன் இறுதியில் ‘அல்’ என்னும் சுட்டு முன்பே ஒட்டியிருக்கிறது. அதன் பின் மீண்டும் ஓர் ‘அல்’ வருவதற்கு இலக்கணம் எந்நாளும் இடந்தராது. ‘ஹஸ்ரத்’ என்று அவர் எழுதிய சொல்லுக்கு அரபில் வேர்ச்சொல்லும் இல்லை. நம்மவர் மரியாதையாய் வழங்கும் ஹஜ்ரத் என்னும் சொல்லுக்கும் அதற்கும் ஒலியளவில் தவிர உறவு எதுவும் இல்லை.

ஆயினும் ஒரு சொல் மட்டும் மெய்யானது. அந்தக் கற்பனை நூலின் அரபுப் பெயர் ‘அல் அஸீஃப்’ என்கிறார் லவ்கிராஃப்ட். அஸீஃப் நல்ல அரபுச் சொல்தான். பாலைவனத்தில் இரவு நேரத்தில் மணல் மேட்டினூடே எழும் ஓசையைப் பண்டை அரபியர் ஜின்களின் அஸீஃப் என்றனர். பெக்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் எழுதிய ‘வாத்தெக்’ கதைக்கு 1786இல் எழுதப்பெற்ற குறிப்புகளிலிருந்து லவ்கிராஃப்ட் இதை எடுத்துக்கொண்டார். இரவில் தனித்துச் செல்லும் பயணி காதில் விழும் காற்றோசைக்கு அரபியர் இட்ட பெயர், மேலை நாட்டில் பேய்நூல் ஒன்றன் தலைப்பாய் மாறிப்போயிற்று. அச்சத்துக்கு உருவம் தேடியவர்கள் அதை அயலான் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நம் பிள்ளை தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தது இந்தப் பழியைத்தான். எழுதும்போது அதை அவர் அறிந்திருக்கவில்லை.

உயிரையும் பொறியையும் இணைத்துக் காணும் பழக்கம் அரபுலகில் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் சுவை வேறு. தியார்பகரில் அர்த்துக்கிய மன்னரின் அவையில் இருந்த அல்ஜஸரீ, 1206இல் முடித்த தம் பொறிநூலில் ஐம்பது கருவிகளை விளக்குகிறார். தண்ணீர் வார்த்து, துணி நீட்டி, ஒளு செய்ய உதவும் பணியாள் பொம்மைகள் அவற்றில் உண்டு. தம் கைக்கு அடிமை ஒருவர் தண்ணீர் வார்ப்பதை மன்னர் விரும்பவில்லை; அதன்பொருட்டே அத்தகைய கருவி ஒன்று செய்யப்பட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நூலின் படங்களில் பொம்மையின் வயிற்றைத் திறந்து உள்ளிருக்கும் மிதவையையும் கயிற்றையும் குழாயையும் காட்டுகிறார். அதைப் பார்ப்பவனுக்கு அச்சம் எழுவதில்லை. ‘ஓ, இப்படித்தானா!’ என்னும் மகிழ்ச்சிதான் எழுகிறது.

1283இல் மறைந்த ஸகரிய்யா அல்கஸ்வீனீ, படைப்பின் விந்தைகளைப் பற்றிய தம் நூலின் தொடக்கத்தில் வியப்பு என்றால் என்ன என்று வரையறுக்கிறார். ஒன்றன் காரணத்தை அறிய மாட்டாதபோது மனிதனுக்கு உண்டாகும் திகைப்பே வியப்பு என்பது அவர் கருத்து. அதற்குத் தேன்கூட்டைச் சான்று காட்டுகிறார். வட்டம் வரையும் கருவியும் இன்றி, அளவுகோலும் இன்றி, எளியதோர் ஈ ஆறு பக்கமும் ஒத்த அறைகளை எவ்வாறு கட்டிற்று என்று கேட்கிறார். அந்தத் திகைப்பு மனிதனை அடுத்த கேள்விக்கு நடத்திச் செல்கிறது. தமிழிலும் 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிர மசலா’வுக்கு ‘அதிசய புராணம்’ என்றே மறுபெயர் உண்டு. அதுவும் கேள்வி மேல் கேள்வியாய் நடக்கும் நூல்தான்.

கீகரின் ஓவியம் கேள்வியை எழுப்புவதில்லை, வாயை அடைத்துவிடுகிறது. ‘ஏலியன்’ படத்தில் அயல் உயிரின் கரு ஒரு மனிதனின் மார்புக்குள் வைக்கப்படுகிறது. பின்னர் அது மார்பைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. இயற்கையில் இதற்கு ஒப்பானது இல்லாமலில்லை. நம் வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி, புழுவைக் கொட்டி மயக்கிக் கூட்டில் அடைத்து முட்டையிடுகிறது. குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியேறுகிறது. இதைக் கண்ட தமிழ்ப் பெரியோர், குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாயிற்று என்று எண்ணி, குருவின் அருளுக்கு அதை உவமையாக்கினர். அது விலங்கியலில் பிழை. ஆனால் அதே காட்சியில் ஒருவர் அருளையும் மற்றொருவர் அழிவையும் காண முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? கருவுறுவதையும் பிறப்பதையும் காயமாக மட்டுமே காண்பது கீகரின் பெருங்குறை. அவருடைய ஓவியங்களுள் பல, ஆண் பெண் உறவையும் இயந்திர வினையாக்கிக் காட்டுபவை. குடும்பத்தார் கூடிப் பார்க்கத் தக்கவை அல்ல. இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

இவ்வளவில் என் தீர்ப்பு முடிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தேன். அதை மாற்றியவர், கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்த மீனவ நண்பர் ஒருவர். இந்த ஏரியில் பாட்டு முறைப்படி தம் நாள் வரும்போது வலை கட்டுபவர். ஏரிக்கரையில் அவரைச் சந்தித்தபோது, கையிலிருந்த நோட்டையும், பிள்ளை அதற்குள் மடித்து வைத்திருந்த கீகர் படத்தின் அச்சுப் பிரதியையும் காட்டினேன். அருவருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வலைக் கண்ணைப் பார்ப்பது போல் உற்றுப் பார்த்தார்.

“இன்னா பாய் இது, நண்டப் பிரிச்சி உள்ள இருக்கறத வெளிய போட்ட மாதிரி கீது” என்றார். சற்று நேரம் கழித்து, “நண்டுக்காவது கண்ணு இருக்கு பாய். இதுக்கு அதுவும் இல்லியே” என்றார்.

திரைப்படம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கீகர் மிகவும் எண்ணிச் செய்த ஒன்றை அவர் ஒரு நொடியில் கண்டுகொண்டார். 1976ஆம் ஆண்டின் மூல ஓவியத்தில் அவ்வுருவுக்குப் பெரிய கண்கள் உண்டு. படத்துக்கென அதை வனைந்தபோது கீகர் கண்களை நீக்கிவிட்டார். எங்கே பார்க்கிறது என்று தெரியாத ஒன்றே மிகுதியாய் அச்சுறுத்தும் என்பதை அறிந்து செய்த வேலை அது.

அன்று வீடு திரும்பும் வழியில் ஒல்லாந்தர் கல்லறை வாயிலில் நின்றேன். பழவேற்காட்டாருக்கு அது நாள்தோறும் காணும் இடம். 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வணிகத்தை நடத்திய ஒல்லாந்தர், தம் இறந்தோரை அடக்கிய அந்த இடத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றனோடு மணற்கடிகையும் உண்டு. சிறு வயதில் அவற்றுக்கு அஞ்சி ஓடாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. ஆனால் அந்தக் கூடுகளுக்குக் கண்குழிகள் இருக்கின்றன. அவை நம்மை நோக்குகின்றன. ‘நீயும் ஒரு நாள் எம்மைப் போல் ஆவாய்’ என்று நம்மிடம் பேசுகின்றன. கபுரடிக்குச் சென்றால் மறுமை நினைவு வரும் என்று நாம் சொல்வதையே, அந்நியர் தம் மதத்தின் வழியில், கல்லில் சொல்லி வைத்தனர். அந்த அச்சம் நம்மை ஓர் ஆளாய் மதித்து எச்சரிக்கிறது. கீகரின் உருவம் நம்மை நோக்குவதே இல்லை. அதற்கு நாம் இரை, அவ்வளவுதான். அதனிடம் மன்றாடவும் முடியாது, வழக்குரைக்கவும் முடியாது.

இப்படிப்பட்ட ஒன்று ஓவியனின் கனவில் மட்டுமா இருக்கிறது? எங்கள் ஏரியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே தெற்கே சென்றால் எண்ணூர்க் கழிமுகம் வரும். அங்கே கொசத்தலையாற்றின் உப்பங்கழிக்கு மேலே அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் ஓடுகின்றன. அவை கசிந்து கசிந்து, சேறு இருந்த இடத்தில் சாம்பல் படிந்துகிடப்பதைப் பல ஆண்டுகளாய் மக்கள் கண்டு வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்களே படகில் சென்று குவளையாலும் வாளியாலும் அதை அள்ளியதை நாடே பார்த்தது. அலையாத்தி வேரும் குழாயும், மீனின் செவுளும் எண்ணெயும் ஒன்றாய்க் கலந்த அந்தக் காட்சியைக் கீகர் வரைந்ததில்லை. ஆனால் அதை வரைய வல்ல கை அவருடையதுதான். வலையில் மீனுக்குப் பதில் கறுப்பு எண்ணெயை இழுத்தவன் யார் முகத்தைப் பார்த்துக் கேட்பான்? குழாய்க்கு முகம் இல்லை, கண்ணும் இல்லை. நண்பர் படத்தைக் கண்டு அருவருக்காததன் காரணம் அப்போது எனக்கு விளங்கிற்று. அவருக்கு அது புதிய உருவம் அன்று.

எனவே என் முதல் தீர்ப்பைப் பாதி திருத்திக்கொள்கிறேன். கீகர் பொய் சொல்லவில்லை. யாருடைய நோக்கும் இன்றி இயங்கும் பொறிகளின் நடுவில் மனித உடல் என்ன ஆகும் என்பதற்கு அவர் ஓவியம் ஒரு சாட்சியம். சாட்சியத்தைக் கிழித்தெறிவது நீதியன்று.

ஆனால் மறுபாதி அப்படியே நிற்கிறது. சாட்சி சொல்ல வந்தவர் சாட்சிக் கூண்டையே வீடாக்கிக்கொண்டார். கண்ணில்லாத உருவை எழுதி முடித்த பின்னும் அதே எலும்பு, அதே குழாய், அதே பளபளப்பு என்று வாழ்நாள் முழுதும் அதைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். 1992இல் கூர் நகரிலும், 2003இல் கிரூயேரிலும் அவர் பாணியில் மதுக்கடைகள் எழுந்தன. அங்கே முதுகெலும்பு போன்ற நாற்காலியில் சாய்ந்து குடிக்கிறார்கள். நடுங்கச் செய்ய வேண்டிய ஒன்று நாற்காலியாகிப் போனபின் அதில் எச்சரிக்கை எங்கே இருக்கிறது? ஒல்லாந்தரின் எலும்புக்கூட்டை எவரும் தம் வீட்டுத் திண்ணைக்குத் தூணாக வைக்கவில்லை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ‘ஏலியன்’ வெளியான அதே 1979ஆம் ஆண்டு, ஆகஸ்டு 10ஆம் நாள், எங்கள் ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து எஸ்.எல்.வி.3 ராக்கெட் முதன்முறை ஏவப்பட்டது. சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. அத்திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த எளிய இமாம் ஒருவரின் மகனான அப்துல் கலாம். 1980 ஜூலை 18ஆம் நாள் அதே வகை ராக்கெட் ரோகிணியை விண்ணில் சேர்த்தது. அந்தத் தீவும் எங்களுக்கு முழு இனிப்பன்று. ராக்கெட் ஏவும் நாளில் குறித்த கடற்பகுதிக்குள் மீனவர் செல்லலாகாது என்ற தடை உண்டு. ஆயினும் அதிர்வோசை கேட்டதும் கரைக்கு ஓடிச் சென்று அண்ணாந்து பார்க்கும் எங்கள் பிள்ளைகளின் முகத்தில் இருப்பது அல்கஸ்வீனீ சொன்ன திகைப்பு. ஒரே ஆண்டில், விண்வெளியைப் பற்றி, ஓரிடத்தில் ‘அங்கே நம்மைத் தின்னும் ஒன்று இருக்கிறது’ என்றார்கள். மற்றோரிடத்தில், விழுந்ததன் காரணத்தை ஆராய்ந்து மீண்டும் ஏவினார்கள். பொறி இரண்டு இடத்திலும் உண்டு. அதன் பின்னால் விடை சொல்லக் கடமைப்பட்ட மனிதன் நிற்கிறானா என்பதே வேறுபாடு.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் நோட்டில் இத்தகைய உருவைக் கண்டால் உடனே கிழித்துவிடாதீர்கள். அருகில் அமர்த்தி, “இதில் உனக்கு அச்சம் தருவது எது?” என்று கேளுங்கள். அவன் எண்ணூர்க் குழாயைச் சொல்லக்கூடும். நீங்கள் அறியாத வேறொன்றையும் சொல்லக்கூடும். கிழித்துவிட்டால் அது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அந்த இளைஞர் அடுத்த வாரம் வந்தார். இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். நண்டு ஏன் குழாய்க்கால் கொண்டிருக்கிறது என்று கேட்டேன். இறால் வாங்க வாப்பாவோடு தெற்கே போனபோது, குழாயின் அடியில் சாம்பல் பூசிய நண்டொன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அந்தப் பக்கத்தின் அடியில் இடத்தையும் நாளையும் எழுதி வைக்கச் சொன்னேன், எழுதினார். பின்னர் முதல் பக்கத்தைத் திருப்பினார். இல்லாத அரபியின் பெயரை ரப்பரால் அழித்தார். தாள் சற்றுக் கிழிந்தது. அந்த இடத்தில் தம் சொந்தப் பெயரைத் தமிழில் எழுதி, நோட்டை மூடிக்கொண்டு, இஷாவுக்கு ஒளு செய்ய எழுந்தார்.